மெய்நிகர் கணினியைப் புதிய கணினிக்கு மாற்றினேன்; ஆறு ஆண்டு வேலைகளைக் காணவில்லை

அச்சகத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் ஆகியவையே எங்கள் வேலைகள். பழைய வேலைகள் யாவும் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் இருப்பதால், அவற்றைத் திறப்பதற்கென்றே 2019-இல் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவிய மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை அமைத்துக்கொண்டேன். எழுத்துரு மென்பொருளுக்கு யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள் என்ற உரிமச் சாவி ஒன்றும் உண்டு. அன்றிலிருந்து எல்லா வேலைகளும் அதற்குள்ளேயே நடக்கின்றன.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. என் பழைய கணினியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காது. ஆகவே புதிய கணினி வாங்கினேன். மெய்நிகர் கணினியின் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தபோது அதன் ஹார்ட் டிஸ்காக விளங்கும் 3.6 ஜிபி அளவுள்ள விடிஐ கோப்பு சிக்கலின்றி வந்தது. 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற உள்கோப்புறையில் 21 ஜிபி அளவுள்ள இன்னொரு கோப்பு இருந்தது; அதை மட்டும் 'கோப்பு மிகப் பெரியது' என்று பென்டிரைவ் ஏற்க மறுத்தது. அதன் பெயர் நெளிவு அடைப்புக்குள் எண்ணும் எழுத்துமாக நீண்டிருந்ததால், ஏதோ தற்காலிகக் கோப்பு என்று எண்ணி விட்டுவிட்டேன்.

புதிய கணினியில் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அந்த விடிஐ கோப்பை இணைத்தேன். உடனே திறந்தது. ஆனால் 2019-இல் நிறுவிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. அதற்குப் பிறகு செய்த ஒரு வேலைகூட இல்லை. போதாததற்கு, மூன்று நாள்களுக்குள் ஆக்டிவேட் செய்யவேண்டும் என்கிறது. அவசரம் கருதி இதிலேயே ஓர் அழைப்பிதழையும் செய்து முடித்துவிட்டேன்.

பழைய கணினி அப்படியே இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் மட்டும் சில நாள்களாக 'டிக் டிக்' என்று ஒலிக்கிறது. அந்த 21 ஜிபி கோப்பை வேறு வழியில் கொண்டுவந்து இதன் அருகில் வைத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளுமா? இனிமேல் முறையாகக் காப்புப் பிரதி எடுப்பது எப்படி என்பதையும் அன்புகூர்ந்து விளக்குங்கள்.


பனையோலை:

ஐயா, உங்கள் வேலைகள் எங்கும் போகவில்லை. அவை முழுவதும் நீங்கள் விட்டுவந்த அந்த 21 ஜிபி கோப்பில்தான் இருக்கின்றன. பழைய கணினியில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

நடந்தது இதுதான். எக்ஸ்பி, பேஜ்மேக்கர் ஆகியவற்றை நிறுவி முடித்த கையோடு 2019-இல் நீங்கள் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறீர்கள். ஸ்னாப்ஷாட் என்றதும் அந்த நேரத்தின் நகல் ஒன்று தனியே எடுத்து வைக்கப்படுகிறது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் நடப்பது அதற்கு நேர்மாறானது. அந்த நொடியிலேயே மூல விடிஐ கோப்பு உறைந்துவிடுகிறது; அதன் பிறகு மெய்நிகர் கணினி எழுதுவன அனைத்தும் 'ஸ்னாப்ஷாட்ஸ்' கோப்புறையில் உருவாகும் வேறுபாட்டுக் கோப்பில் சேர்கின்றன. படிக்கும்போது ஒரு பகுதி வேறுபாட்டுக் கோப்பில் இருந்தால் அங்கிருந்தும், இல்லையென்றால் மூலக் கோப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே மூலக் கோப்பை மட்டும் கொண்டுவந்தால் முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்கே போய் நிற்பீர்கள். வேறுபாட்டுக் கோப்பை மட்டும் கொண்டுவந்தாலோ எதுவுமே திறக்காது.

பென்டிரைவ் மறுத்ததற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் தொடர்பில்லை. ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவில் உள்ள பென்டிரைவில் எந்த ஒரு தனிக்கோப்பும் 4 ஜிபி அளவை எட்டக்கூடாது. உங்கள் மூலக் கோப்பு 3.6 ஜிபி அளவில் அந்த வரம்புக்குள் தப்பிவிட்டதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். அது 5 ஜிபி இருந்திருந்தால் அன்றே இங்கு வந்து கேட்டிருப்பீர்கள்.

அடுத்து, இரண்டும் சேருமா என்றால், இப்போது புதிய கணினியில் உள்ள பிரதியோடு சேராது. ஒவ்வொரு விடிஐ கோப்பின் தலைப்பகுதியிலும் யூயூஐடி எனப்படும் தனி அடையாள எண் இருக்கிறது. அதோடு, கடைசியாக அந்தக் கோப்பு மாற்றப்பட்டதைக் குறிக்கும் இன்னோர் எண்ணும் இருக்கிறது. வேறுபாட்டுக் கோப்பு தன் தாய்க் கோப்பின் இவ்விரு எண்களையும் குறித்து வைத்திருக்கும். நீங்கள் புதிய கணினியில் அந்தத் தாய்க் கோப்பைத் திறந்து ஓர் அழைப்பிதழே செய்துவிட்டதால் இரண்டாம் எண் மாறியிருக்கும். இந்தச் சோதனையை எப்படியாவது ஏமாற்றிச் சேர்க்கலாம் என்று இணையத்தில் யாராவது வழி சொன்னாலும் செய்யாதீர்கள். அடியில் உள்ள தட்டு (அதாவது மெய்நிகர் ஹார்ட் டிஸ்க்) மாறியபின் மேலே உள்ள வேறுபாடுகளைப் பொருத்தினால் கோப்பு முறைமையே சிதைந்துபோகும். பழைய கணினியில் உள்ள மூலக் கோப்பு தொடப்படாமல் இருப்பதால் அதுவும் 21 ஜிபி கோப்பும் இன்னும் சரியான இணைதான்.


நீலக்குறிஞ்சி:

பனையோலை அவர்கள் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் என்பதால், செய்யவேண்டிய வரிசையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பதிவில் என்னை அச்சுறுத்தியது ஸ்னாப்ஷாட் அன்று. அந்த 'டிக் டிக்' ஒலிதான். ஆகவே பழைய கணினியில் மெய்நிகர் கணினியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, அது எந்த நிலையில் இருந்தாலும், கோப்புறை முழுவதையும் ஒருமுறை நகலெடுத்துவிடுங்கள். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் போதும். அல்லது இரு கணினிகளையும் ஒரே ரௌட்டரில் கம்பி வழியாக இணைத்துப் பகிர்ந்த கோப்புறை வழியாக அனுப்பலாம். கிகாபிட் இணைப்பாக இருந்தால் 25 ஜிபி நான்கைந்து நிமிடங்களில் முடியும், பழைய 100 மெகாபிட் இணைப்பென்றால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும்.

கோப்புறை முழுவதும் என்று நான் சொல்வது, விடிஐ கோப்போடு 'ஸ்னாப்ஷாட்ஸ்' உள்கோப்புறையையும், விபாக்ஸ் என்ற நீட்சியுள்ள சிறிய கோப்பையும் சேர்த்துத்தான். சில கிலோபைட்டுகளே உள்ள அந்தச் சிறிய கோப்பில்தான் எந்தத் தட்டு எதற்குத் தாய், நெட்வொர்க் அட்டையின் தனி அடையாளமான மேக் முகவரி என்ன, நினைவகம் எவ்வளவு, எந்த யூஎஸ்பி சாதனத்தை உள்ளே அனுமதிப்பது என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் 4.0 முதல் இவை அனைத்தும் ஒரே கோப்புறைக்குள் இருப்பதால் நமக்கு வேலை எளிது.

முதல் நகல் கைக்கு வந்தபின், பழைய கணினியில் மெய்நிகர் கணினியைத் திறந்து, எக்ஸ்பியின் உள்ளிருந்தே முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். பெருக்கல் குறியை அழுத்தி 'நிலையைச் சேமி' என்று மூடும் பழக்கம் பலருக்கும் உண்டு. அவ்வாறு சேமிக்கப்படும் நிலையில் பழைய ப்ராசசரின் தன்மைகளும் அடங்கியிருப்பதால், இன்டெல் கணினியில் உறங்கவைத்ததை ஏஎம்டி கணினியில் எழுப்ப முடியாது. அந்த நிலையைக் கைவிட்டுத் திறப்பதோ மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டதற்குச் சமம். சிடி டிரைவில் ஏதேனும் ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் கோப்பு வடிவ நகல்) செருகப்பட்டிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். பிறகு இரண்டாம் முறை நகலெடுங்கள்.

புதிய கணினியில் புதிய மெய்நிகர் கணினி எதையும் உருவாக்கவேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸில் 'ஆட்' என்பதைத் தேர்ந்து, அந்த விபாக்ஸ் கோப்பைக் காட்டினால் போதும். மேக் முகவரியும் தட்டின் அடையாள எண்ணும் மாறாமல் வருவதால் ஆக்டிவேஷன் தொல்லையும் பெரும்பாலும் வராது. எக்ஸ்பி தன்னைச் சுற்றியுள்ள வன்பொருள்களில் எத்தனை மாறின என்று எண்ணிப் பார்க்கும். அதில் மேக் முகவரிக்குக் கூடுதல் எடை உண்டு. நீங்கள் புதிதாக உருவாக்கியபோது மேக் முகவரியும் புதிதாகிவிட்டது.


கரிசல்காடு:

இத்தனை சுற்று எதற்கு? பழைய கணினியிலேயே 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' கொடுத்தால் எல்லாம் ஒரே ஓவிஏ கோப்பாக வந்துவிடும். அதைப் புதிய கணினியில் இம்போர்ட் செய்தால் முடிந்தது. ஓவிஏ என்பது வேறொன்றுமில்லை, அமைப்பு விவரக் கோப்பு, சுருக்கப்பட்ட விஎம்டிகே தட்டு, இரண்டின் சரிபார்ப்பு எண்கள் ஆகியவற்றைக் கட்டிய ஒரு டார் பொதிதான். வழியில் ஒரு பிட் கெட்டாலும் இம்போர்ட் செய்யும்போதே தெரிந்துவிடும். பின்னாளில் விஎம்வேர் என்ற இன்னொரு மெய்நிகர் கணினி மென்பொருளுக்கு மாறினாலும் பெரும்பாலும் திறக்கலாம். விஎம்வேரில் கோப்புறையை நகர்த்தித் திறந்தால் 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று கேட்டு, நகல் என்றால் புது அடையாளமும் புது மேக் முகவரியும் கொடுக்கும். விர்ச்சுவல்பாக்ஸும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் இங்கே பாதிப் பதிவுகள் குறைந்திருக்கும்.

ஸ்னாப்ஷாட்டை முதலில் நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் இன்னும் நல்லது.


நீலக்குறிஞ்சி:

ஓவிஏ நல்ல வழிதான். ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கொடுக்க நாங்கள் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் தற்போதைய நிலை மட்டுமே போகும், ஸ்னாப்ஷாட்டுகள் போகா. இம்போர்ட் செய்யும்போது தட்டுக்குப் புதிய அடையாள எண் கிடைப்பதால் எக்ஸ்பியின் கண்ணுக்கு அது வேறு தட்டாகத் தெரியும். மேக் முகவரிகள் அனைத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளும் விருப்பத்தையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டை இப்போதே நீக்கவேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட்டை நீக்குவது என்றால் உண்மையில் இரு தட்டுக் கோப்புகளையும் ஒன்றாக இணைப்பது. இங்கு 20 ஜிபிக்கு மேல் படித்து எழுதவேண்டியிருக்கும். ஒலி எழுப்பும் ஹார்ட் டிஸ்கில் அந்த வேலையைத் தொடங்கிப் பாதியில் நின்றால் இரண்டு கோப்புகளும் கெடும். புதிய கணினிக்கு வந்து, ஒரு பிரதி பத்திரமாக வெளியில் இருக்கும்போது நிதானமாக இணைத்துக்கொள்ளலாம்.


அச்சகத்தான்:

அனைவருக்கும் நன்றி. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி இரண்டு முறையும் நகலெடுத்துவிட்டேன். முதல் முறை 21 ஜிபி கோப்பில் நீண்ட நேரம் நின்று நின்று போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது புதிய கணினியில் விபாக்ஸ் கோப்பைச் சேர்த்தால், இதே யூயூஐடி கொண்ட ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கிறது. ஏதேனும் கெட்டுவிட்டதா?


பனையோலை:

எதுவும் கெடவில்லை. நீங்கள் முன்பு பென்டிரைவில் கொண்டுவந்து இணைத்த பிரதியும் இப்போது கொண்டுவந்த மூலக் கோப்பும் ஒரே அடையாள எண் கொண்டவை. ஒரே எண்ணில் இரண்டு தட்டுகளை விர்ச்சுவல்பாக்ஸ் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளாது. முதலில் அந்தப் பழைய பிரதியைத் திறந்து, நீங்கள் செய்த அழைப்பிதழை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு அந்த மெய்நிகர் கணினியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்; நீக்கும்போது கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்கும், எந்தக் கோப்புறையைச் சொல்கிறது என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் தட்டுப் பட்டியலான மீடியா மேனேஜரில் அந்தத் தட்டின் பெயர் இன்னும் தெரிந்தால் அங்கும் நீக்கவேண்டும். அதன் பிறகு 'ஆட்' வேலை செய்யும்.

யூயூஐடியை மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும். தனித் தட்டாக இருந்தால் அது உதவும். உங்களுடையதைப் போல வேறுபாட்டுக் கோப்பு தொங்கிக்கொண்டிருக்கும் தாய்த் தட்டின் எண்ணை மாற்றினால், அந்த வேறுபாட்டுக் கோப்பு அநாதையாகிவிடும்.


அச்சகத்தான்:

திறந்துவிட்டது. கடந்த வாரம் பழைய கணினியில் பாதியில் விட்ட கொடை நோட்டீஸ் திரையில் வந்து நின்றபோதுதான் எனக்கு உயிர் வந்தது. ஆக்டிவேஷனும் கேட்கவில்லை.

ஆனால் மூன்று குறைகள் உள்ளன. பகிர்ந்த கோப்புறை வேலை செய்யவில்லை. டாங்கிளைச் செருகினாலும் எழுத்துரு மென்பொருள் அதைக் காணவில்லை. மேலும், கணினி புதிதாக இருந்தும் எக்ஸ்பி முன்பைவிட மெதுவாக ஓடுகிறது. கீழ்ப்பட்டையில் ஓர் ஆமைப் படம் தெரிகிறது.


கரிசல்காடு:

பகிர்ந்த கோப்புறையின் முகவரி பழைய கணினியின் டி டிரைவைச் சுட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் போய்ப் புதிய இடத்தைக் காட்டுங்கள், பெயர் மட்டும் பழையபடியே இருக்கட்டும்.

டாங்கிளைப் பொறுத்தவரை, விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி பட்டியலில் அதன் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதற்கு ஒரு ஃபில்டர் சேர்த்து, டாங்கிளைக் கழற்றி மீண்டும் செருகினால் எக்ஸ்பியிடம் போய்விடும். வேறு துளையிலும் செருகிப் பாருங்கள். 7.0-க்கு முந்தைய பதிப்புகளில் யூஎஸ்பி 2.0, 3.0 கட்டுப்படுத்திகளுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் பொதி தேவைப்பட்டது. இப்போது அவை அடிப்படை மென்பொருளிலேயே உள்ளன. எக்ஸ்டென்ஷன் பேக் வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமன்று, எனவே அச்சகத்தில் அது இல்லாமல் முடிந்தால் நல்லது.

ஆமைதான் சுவாரசியமானது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி பெரும்பாலும் இயக்கத்திலேயே வருகிறது. அது விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க அடுக்கான ஹைப்பர்-வியின்மேல் நிற்பதால், ப்ராசசரின் மெய்நிகராக்க வசதியை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகப் பயன்படுத்த முடியாமல், ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. அதைத்தான் பச்சை ஆமை சொல்கிறது. அந்த வசதியை அணைத்து மறுதொடக்கம் செய்தால், வேறு எதுவும் ஹைப்பர்-வியைப் பயன்படுத்தாத நிலையில் வேகம் திரும்பும். ஆயினும் அது வெளிக் கணினியின், அதாவது உங்கள் விண்டோஸ் 11-இன், காப்பரண்களில் ஒன்று. பேஜ்மேக்கர் 2001-இல் வந்த மென்பொருள். ஆமை வேகமே அதற்குப் போதுமானால் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டதால், அதற்கு இணைய இணைப்புக் கொடுக்கவேண்டாம். நெட்வொர்க் அட்டையை நீக்காமல், அமைப்புகளில் 'கேபிள் கனெக்டட்' என்ற குறியை மட்டும் எடுத்துவிட்டால் மேக் முகவரியும் அப்படியே இருக்கும்.


நீலக்குறிஞ்சி:

காப்புப் பிரதி பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்னாப்ஷாட் காப்புப் பிரதி ஆகாது என்பதை இதற்குள் நீங்களே கண்டிருப்பீர்கள்: அது அதே ஹார்ட் டிஸ்கில், அதே கோப்புறையில், மூலக் கோப்பையே நம்பி நிற்கிறது. புதிய எழுத்துருவை நிறுவிப் பார்ப்பதற்கு முன் எடுத்து, சரியாக இருந்தால் அன்று மாலையே இணைத்துவிடவேண்டிய ஒன்று அது. உங்களுடையதைப் போல ஆறு ஆண்டு வைத்திருப்பதற்கு அன்று.

உங்கள் மெய்நிகர் கணினியில் இருவகைப் பொருள்கள் கலந்திருக்கின்றன. எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் ஆகியன ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறுவதில்லை. அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் தினமும் மாறுகின்றன. ஒரு பக்கக் கோப்பு மாறியதற்காக 25 ஜிபியை நகலெடுக்க வேண்டுமென்றால் இரண்டாவது வாரமே சலித்துப்போகும். சலித்தபின் யாரும் எடுப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அன்றைய கோப்புகளைப் பகிர்ந்த கோப்புறை வழியாக வெளிக் கணினிக்கு அனுப்பிவிடுங்கள். பேஜ்மேக்கரில் வேலை செய்யும்போது கோப்பு எக்ஸ்பியின் உள்ளேயே இருக்கட்டும். நகல் மட்டும் வெளியே வரட்டும். வெளியே வந்தபின் அவை சாதாரணக் கோப்புகள், எந்த வழியிலும் காப்பாற்றலாம்.

மெய்நிகர் கணினியை மாதம் ஒருமுறை ஷட் டவுன் செய்து, கோப்புறையோடு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால், கோப்பின் தொடக்கம் ஒரு நேரத்தையும் முடிவு இன்னொரு நேரத்தையும் காட்டும். திறந்தாலும் நம்ப முடியாது. மேகச் சேமிப்பு மென்பொருள் ஒத்திசைக்கும் கோப்புறைக்குள் மெய்நிகர் கணினியை வைக்கக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். பழைய பிரதியின்மேலேயே புதியதை எழுதாமல், இரண்டு மாதப் பிரதிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வகத்தில் போர்க் என்ற மென்பொருளால் எடுக்கிறோம். அது கோப்பைத் துண்டுதுண்டாகப் பார்த்து, மாறிய துண்டுகளை மட்டும் சேமிப்பதால் பத்துப் பிரதிகள்கூட அதிக இடம் பிடிப்பதில்லை. ஆனால் அது லினக்ஸ் சூழலுக்கு உரியது. உங்களுக்கு வெறும் நகலே போதும்.

இன்னொன்று. பழைய கணினியில் உள்ள பழைய விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு எழுதிய விபாக்ஸ் கோப்பைப் புதிய பதிப்பு தன் முறைக்கு மாற்றி எழுதிவிட்டால், பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கலாம். அதனால் முதலில் எடுத்த இரண்டு நகல்களில் ஒன்றையாவது திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். எடுத்த பிரதி நல்லதா என்பதை அறிய, வேறொரு கணினியில் திறந்து ஒரு பழைய ஆண்டு மலரைப் பேஜ்மேக்கரில் ஏற்றிப் பாருங்கள். அதே கணினியில் சோதித்தால் மறுபடியும் யூயூஐடி சண்டைதான்.


அச்சகத்தான்:

டாங்கிள் பின்பக்கத் துளையில் வேலை செய்கிறது. பகிர்ந்த கோப்புறையும் சரியாகிவிட்டது. ஆமையை அப்படியே விட்டுவிட்டேன். எக்ஸ்பி மெதுவாகத் திறந்தாலும் பேஜ்மேக்கரில் தட்டச்சு செய்யும்போது வேறுபாடு தெரியவில்லை.

நேற்றிரவு ஸ்னாப்ஷாட்டை இணைத்தேன். அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது. இப்போது ஒரே விடிஐ கோப்பு, 23 ஜிபி. மகனின் மடிக்கணினியில் ஒரு பிரதியைத் திறந்து, 2021-ஆம் ஆண்டின் பள்ளி மலர் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். டாங்கிளையும் அதில் செருகியபின் எழுத்துகள் எல்லாம் சரியாக வந்தன. பழைய கணினியை இன்று காலை இயக்கியபோது அது எழவில்லை.